சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு: ஆங்கிலப் பேச்சில் சிக்கும் இடங்களும் சரிசெய்யும் வழியும்

"குட் யூ பிக் மீ அப் அட் சிக்ஸ்?" ஆறு மணிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்கும் சாதாரண வாக்கியம். மொத்தம் ஏழு சொற்கள். இதில் 'பிக்', 'சிக்ஸ்' இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ஐந்தும் பொடிச்சொற்கள். 'குட்' ஒரு மோடல், அதாவது துணைவினை. 'யூ', 'மீ' இரண்டும் ப்ரோனவுன், அதாவது பெயருக்குப் பதில் வரும் சொல். 'அப்', 'அட்' இரண்டும் ப்ரெபொசிஷன் குடும்பம். பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்து, நீளமான சொற்களுக்கெல்லாம் அர்த்தம் தெரிந்தவர்கள்கூட வாயைத் திறந்ததும் தடுமாறுவது இந்தப் பொடிச்சொற்களில்தான்.

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் பேசச் சொல்லித் தருகிறேன். அவர்கள் செய்யும் தவறுகளைக் குறித்து வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இது: ஏறக்குறைய ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் பிழையே இல்லாத ஒரு தமிழ் வாக்கியம் இருக்கிறது. மோடல், ப்ரோனவுன், ப்ரெபொசிஷன் செய்யும் இந்த மூன்று வேலைகளும் தமிழில் பெரும்பாலும் சொல்லின் வாலில் நடக்கின்றன. 'என்னால் வர முடியாது' என்பதில் 'ஆல்', 'முடியாது' எல்லாம் பின்னால்தான் வருகின்றன. ஆங்கிலத்தில் அவை தனித்தனிச் சொற்களாகப் பிரிந்து முன்னால் போய் நிற்கும். அதனால் சிக்கல் வந்தால் முதலில் உங்கள் மனதில் ஓடிய தமிழ் வாக்கியத்தின் வாலைப் பாருங்கள். காரணம் அங்கேயே கிடைக்கும்.

கீழே உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

'கேன்', 'மஸ்ட்' சொன்னதும் பின்னால் ஒரு 'டு' ஒட்டிக்கொள்கிறது

"ஐ கேன் டு கம்." "யூ மஸ்ட் டு சைன் ஹியர்." இது எப்படி வருகிறது? 'டு கம்' என்றால் 'வர' என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். மனதில் 'வர முடியும்' ஓடுகிறது. 'வர' என்பதற்கு 'டு கம்', 'முடியும்' என்பதற்கு 'கேன்'. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் மோடல் பக்கத்தில் நிற்கும்போது வெறும் 'கம்' என்பதே 'வர' என்று பொருள் தந்துவிடும். அதனால் 'டு' வேண்டாம். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய ஒன்பதுக்கும் இதே கதைதான். ஹேவ் டு, நீட் டு, ஆட் டு, யூஸ்ட் டு இவற்றை மட்டும் 'டு'வோடு சேர்த்து ஒரே சொல்லாக மனதில் பதியுங்கள்.

"ஹீ கேன் கம்ஸ்", "ஷீ வில் வென்ட்" என்று வருகிறவர்கள் தமிழில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நான் வரலாம், நீ வரலாம், அவள் வரலாம், அவர்கள் வரலாம். வால் எங்காவது மாறியதா? 'வர வேண்டும்', 'வர முடியும்' என்பவையும் ஆளைப் பார்த்து மாறுவதில்லை. ஆங்கில மோடலும் அப்படியே. அதிலும் 'எஸ்' ஏறாது, அடுத்து வரும் வினையிலும் ஏறாது, அந்த வினை இறந்தகாலத்துக்கும் மாறாது: "ஹீ கேன் கம்", "ஷீ வில் கோ".

"ஐ வில் கேன் கம்" என்று இரண்டு மோடல் சேர்ந்துகொண்டால், ஒன்றை மாற்ற வேண்டும்: "ஐ வில் பி ஏபிள் டு கம்." நாளைக்கு வருவதைப் பற்றித்தான் பேச்சு என்றால் "ஐ கேன் கம் டுமாரோ" என்பதே போதும்.

'எனக்கு' என்று நினைத்தாலே 'டு மீ', 'ஃபார் மீ' வந்துவிடுகிறது

"ஃபார் மீ ஹெடேக்." "டு மீ நாட் அண்டர்ஸ்டாண்டிங்." "வித் மீ நோ மனி." தமிழில் தெரிவது, புரிவது, பசிப்பது, வலிப்பது, குளிர்வது எல்லாமே 'எனக்கு' நடக்கிறவை. பணம் 'என்னிடம்' இருக்கிறது. முடிவது 'என்னால்' முடிகிறது. ஆங்கிலம் இவை எல்லாவற்றையும் 'ஐ' தலையில் கட்டிவிடும். எனக்குத் தெரியும், ஐ நோ. எனக்குப் பசிக்கிறது, ஐம் ஹங்கிரி. எனக்குத் தலை வலிக்கிறது, ஐ ஹேவ் எ ஹெடேக். என்னிடம் பணம் இல்லை, ஐ டோன்ட் ஹேவ் எனி மனி. என்னால் வர முடியாது, ஐ கான்ட் கம்.

வாக்கியம் தொடங்கும் முன் ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள்: உணர்வதும் செய்வதும் யார்? நானா? அப்படியானால் 'ஐ'யில் தொடங்குங்கள். இதைப் பழகிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். பேச்சு நின்றுபோவதே பெரும்பாலும் அந்த முதல் சொல் கிடைக்காமல்தான்.

'வித் ஐ', 'டு ஹீ', 'மைசெல்ஃப்' என்று ஆள் மாறிப்போகிறது

தமிழில் 'நானோடு வா' என்று யாரும் சொல்வதில்லை. உருபு வந்து ஒட்டும்போது 'நான்' தானாகவே 'என்' ஆகிவிடும். 'நீ' 'உன்' ஆகும். 'தான்' 'தன்' ஆகும். ஆங்கில ப்ரெபொசிஷனை வேற்றுமை உருபு என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ஒட்டும் இடம் மட்டும் முன்னால். அது வந்ததும் 'ஐ' 'மீ' ஆகிறது, 'ஹீ' 'ஹிம்', 'ஷீ' 'ஹர்', 'வீ' 'அஸ்', 'தே' 'தெம்'. நீங்கள் ஏற்கெனவே தமிழில் செய்துகொண்டிருப்பதுதான்.

இரண்டு பேர் சேர்ந்து வந்தால் காது ஏமாறும். "ஹீ கேவ் இட் டு மை ஒய்ஃப் அண்ட் ஐ." மனைவியை வாக்கியத்திலிருந்து கொஞ்சம் நகர்த்திவிட்டுப் படியுங்கள்: "ஹீ கேவ் இட் டு ஐ." தவறு பளிச்சென்று தெரியும். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் சொல்வதுண்டு, அதனால் கேட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் 'மைசெல்ஃப் குமார்'. அறிமுகத்துக்கு "ஐம் குமார்" போதும். 'மைசெல்ஃப்' வர வேண்டுமென்றால் வாக்கியத்தில் முன்னாலேயே ஒரு 'ஐ' இருக்க வேண்டும்: "ஐ டிட் இட் மைசெல்ஃப்", நானே செய்தேன்.

மரியாதையாகத்தான் பேசினேன், எதிரில் இருப்பவர் முகம் சுருங்குகிறது

இதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமான சிக்கல். ஏனென்றால் இங்கே தவறு செய்பவர் நல்லவர், பணிவானவர். கேட்பவருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

'நீங்க அந்த ஃபைலைக் கொடுங்க' என்று மனதில் நினைக்கிறோம். எத்தனை மரியாதை அதில்! 'நீங்க' என்பதில் ஒரு முறை, 'கொடுங்க' என்பதில் ஒரு முறை. அதை ஆங்கிலத்தில் "யூ கிவ் மீ தட் ஃபைல்" என்று சொன்னதும் இரண்டு மரியாதையும் ஆவியாகிவிடுகின்றன. 'யூ' என்பது நீயும்தான், நீங்களும்தான். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் 'நீ'க்குத் தனிச்சொல் இருந்தது: 'தௌ'. 17-ஆம் நூற்றாண்டில் அது மெல்ல மெல்லப் பொதுப் பேச்சிலிருந்து விலகிவிட்டது. பழைய ஜெபங்களில் இன்னமும் கேட்கலாம். அது போனபிறகு ப்ரோனவுனை வைத்து மரியாதை காட்ட வழியில்லை. அந்த வேலையில் பெரும்பகுதியை இன்று மோடல்கள் செய்கின்றன.

எனவே உங்கள் 'ங்க'வை எடுத்து மோடலில் வையுங்கள். கூட வேலை செய்பவரிடம் "கேன் யூ கிவ் மீ தட் ஃபைல்?" மேலதிகாரியிடம், புதியவரிடம் "குட் யூ கிவ் மீ தட் ஃபைல்?" கொஞ்சம் பெரிய உதவி என்றால் "வுட் யூ மைண்ட்" என்று தொடங்கி அடுத்த வினையில் 'இங்' சேர்க்க வேண்டும்: "வுட் யூ மைண்ட் வெயிட்டிங் ஃபார் மீ?" 'குட்', 'வுட்' எல்லாம் பழைய இறந்தகால வடிவங்கள். இறந்தகாலம் எப்படிப் பணிவாகிறது என்று வியக்க வேண்டாம். 'நாளைக்கு வந்தீங்கன்னா நல்லா இருக்கும்' என்று நாமும் நாளைக்கு நடப்பதை 'வந்தீங்க' என்றுதானே சொல்கிறோம்? வற்புறுத்தாமல் சற்றுத் தள்ளி நின்று கேட்கிறோம். அதே மென்மைதான்.

'ப்ளீஸ்' மட்டும் சேர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். "யூ ப்ளீஸ் சைன் ஹியர்" என்பது ப்ளீஸ் போட்ட கட்டளை, அவ்வளவுதான். "குட் யூ சைன் ஹியர், ப்ளீஸ்?" என்று கேள்வியாக்கினால் எதிரில் இருப்பவருக்கு மறுக்கவும் இடம் கிடைக்கிறது. அந்த இடம்தான் மரியாதை.

"வுட் யூ மைண்ட்" என்று உங்களிடம் யாராவது கேட்டால் பதிலில் கவனம். உங்களுக்குச் சிரமமா என்பதுதான் அந்தக் கேள்வி. சரி, செய்கிறேன் என்பதற்கு "நாட் அட் ஆல்" என்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே "எஸ்" என்றால், ஆமாம் சிரமம்தான் என்று ஆகிவிடும்.

'வுட்' பணிவானது என்று தெரிந்ததும் எல்லா இடத்திலும் போட ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. "ஐ வுட் பி கமிங் டுமாரோ." கேட்பவர், 'ஆனால்...' என்று ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார். நிச்சயமாக வருகிறீர்கள் என்றால் "ஐ வில் கம்", "ஐம் கமிங்" என்றே சொல்லுங்கள்.

'வர வேண்டாம்' என்றேன், தடுத்துவிட்டதாக நினைத்தார்கள்

வேலையில் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நாளைய கூட்டத்துக்கு நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். எழுதியது: "யூ மஸ்ட் நாட் அட்டெண்ட் டுமாரோஸ் மீட்டிங்." சற்று நேரத்தில் அவர் என் மேலாளரை அழைத்து, தன்னை ஏன் விலக்கி வைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஓய்வு கொடுக்க நினைத்த வரி, அவரைப் புண்படுத்திவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. இந்தப் பகுதியை வகுப்பில் ஒருபோதும் அவசரமாகக் கடப்பதில்லை.

'வேண்டும்' என்றால் 'மஸ்ட்' என்று படித்திருந்தேன். அப்படியானால் 'வேண்டாம்' என்றால் 'மஸ்ட் நாட்' என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தமிழில் 'வர வேண்டாம்' என்பது தடையாகவும் இருக்கலாம், விடுவிப்பாகவும் இருக்கலாம். குரலை வைத்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு வழி. எழுதும் முன் 'வேண்டாம்' இருக்கும் இடத்தில் 'கூடாது' போட்டுப் பாருங்கள், அடுத்து 'தேவையில்லை' போட்டுப் பாருங்கள். 'கூடாது' பொருந்தினால் 'மஸ்ட் நாட்'. 'தேவையில்லை' பொருந்தினால் 'டோன்ட் ஹேவ் டு' அல்லது 'டோன்ட் நீட் டு'. நான் எழுதியிருக்க வேண்டியது: "யூ டோன்ட் ஹேவ் டு அட்டெண்ட்."

'வேண்டும்' பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். நல்லது என்று சொல்கிறீர்களா? 'ஷுட்'. விதி, சட்டம், சூழ்நிலை கட்டாயப்படுத்துகிறதா? 'ஹேவ் டு'. உங்கள் சொந்த அழுத்தம் என்றால் 'மஸ்ட்'. விருந்துக்கு அழைக்கும்போது "யூ மஸ்ட் கம்" என்பது பாசம். அதே 'மஸ்ட்'டை மேலதிகாரியிடம் கோப்பு கேட்கும்போது போட்டால் அதட்டல். 'எனக்கு டீ வேண்டும்' என்பது ஆசை, கடைக்காரரிடம் "ஐ வான்ட் டீ" என்பதைவிட "ஐட் லைக் எ டீ", "குட் ஐ ஹேவ் எ டீ?" என்பவை காதுக்கு இதம்.

'லாம்' எங்கே போனாலும் 'கேன்' ஆகிவிடுகிறது

'மழை வரலாம்' என்பது "ரெயின் கேன் கம்" ஆகிறது. 'லாம்' நான்கைந்து வேலை செய்கிறது. 'நீ போகலாம்' அனுமதி, அதற்கு 'கேன்' அல்லது 'மே'. 'வா, போகலாம்' சேர்ந்து கிளம்புவது, அதற்கு 'லெட்ஸ்'. 'மழை வரலாம்' சந்தேகம், அதற்கு 'மைட்': "இட் மைட் ரெயின்." இங்கே அந்த 'இட்'டை மறக்காதீர்கள். தமிழில் மழை தானே வரும், ஆங்கிலத்தில் மழைக்கும் வெயிலுக்கும் நேரத்துக்கும் முன்னால் ஒரு 'இட்' நிற்க வேண்டும்.

'அவர் வந்திருக்கலாம்' என்பதற்கும் இரண்டு அர்த்தம். வந்தாரோ என்னவோ என்றால் "ஹீ மைட் ஹேவ் கம்". வர வாய்ப்பிருந்தும் வரவில்லையே என்றால் "ஹீ குட் ஹேவ் கம்" என்று சொல்வது தெளிவு. 'வந்திருக்க வேண்டும்' என்பதும் அப்படித்தான்: செருப்பு வாசலில் கிடக்கிறது, வந்திருப்பார் என்ற ஊகத்துக்கு "மஸ்ட் ஹேவ் கம்", வராததற்கான வருத்தத்துக்கு "ஷுட் ஹேவ் கம்".

'நாம்', 'நாங்கள்', 'அவர்' மூன்றும் கலங்கிவிடுகின்றன

"வீ ஆர் கோயிங் ஃபார் லன்ச்" என்று விருந்தினரிடம் சொல்கிறீர்கள். நீங்கள் நினைத்தது 'நாம்'. அவர் காதில் விழுந்தது 'நாங்கள்'. அழைக்கவில்லை என்று நினைத்து அவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார். ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். 'நாம்' என்று தெளிவாக வேண்டுமானால் மோடலோடு சேர்த்துக் கேளுங்கள்: "ஷல் வீ கோ ஃபார் லன்ச்?" நாங்கள் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றால் "வுட் யூ லைக் டு ஜாயின் அஸ்?"

'அவர்' ஆணா பெண்ணா என்று காட்டாது. டாக்டர் அம்மாவைப் பற்றிப் பேசும்போது "ஹீ டோல்ட் மீ" என்று வருவது அதனால்தான். அப்பாவை மரியாதைக்காக 'தே' என்று சொல்பவர்களும் உண்டு. 'ஹீ' என்பதில் அவமரியாதை எதுவும் இல்லை, தயங்காமல் சொல்லலாம்.

'டெல் டு மீ', 'எக்ஸ்ப்ளெயின் மீ', 'பிக் அப் மீ'

எனக்கு உதவு, எனக்கு விளக்கு. தமிழில் இரண்டிலும் 'கு' இருக்கிறது. ஆங்கிலத்தில் "ஹெல்ப் மீ", ஆனால் "எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ". இங்கே தமிழ் வால் உதவாது. வினையை 'மீ'யோடு சேர்த்து ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதுதான் வழி: டெல் மீ, ஆஸ்க் மீ, கால் மீ, ஆன்சர் மீ. சே டு மீ, லிசன் டு மீ, ரிப்ளை டு மீ. வெயிட் ஃபார் மீ. லுக் அட் மீ. 'அதைப் பற்றி' என்ற நினைப்பில் வரும் "டிஸ்கஸ் அபவுட் இட்" வேண்டாம், "டிஸ்கஸ் இட்" போதும்.

"பிக் அப் மீ" தவறு, "பிக் மீ அப்" சரி. பொருளின் பெயர் என்றால் 'பிக் அப் த பார்சல்', 'பிக் த பார்சல் அப்' இரண்டும் நடக்கும். ப்ரோனவுன் வந்தால் நடுவில்தான்: ஸ்விட்ச் இட் ஆஃப், கால் மீ பேக், டிராப் ஹிம் ஆஃப். ஆனால் 'லுக் ஆஃப்டர் ஹர்', 'வெயிட் ஃபார் அஸ்' பிரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லிப் பாருங்கள். 'பிக் அப்' என்பதில் 'அப்' அழுத்தமாக விழுகிறது, அது பிரியும். 'வெயிட் ஃபார்' என்பதில் 'ஃபார்' மெலிந்து ஓடுகிறது, அது பிரியாது. எப்போதும் சரிவராவிட்டாலும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

கேள்வியில் வரிசை குழம்புகிறது

"வேர் ஐ கேன் பார்க்?" என்பதை "வேர் கேன் ஐ பார்க்?" என்று திருப்புங்கள். ஆனால் முன்னால் "கேன் யூ டெல் மீ" வந்துவிட்டால் ஒரு திருப்பம் ஏற்கெனவே நடந்துவிட்டது, அடுத்தது நேராகவே இருக்கட்டும்: "கேன் யூ டெல் மீ வேர் ஐ கேன் பார்க்?" 'யாரிடம் பேச வேண்டும்?' என்பதில் உள்ள 'இடம்' ஆங்கிலத்தில் கடைசிக்குப் போகும்: "ஹூ ஷுட் ஐ டாக் டு?" அந்த 'டு'வை விழுங்கிவிடாதீர்கள்.

'அட்', 'ஆன்', 'இன்'

தமிழில் 'இல்', 'கு' இரண்டை வைத்தே சமாளித்துவிடுகிறோம், அதனால்தான் குழப்பம். மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்'. காலையில் 'இன் த மார்னிங்', இரவில் மட்டும் 'அட் நைட்'. இதற்கு மேல் யோசித்துப் பேச்சை நிறுத்த வேண்டாம். இந்த மூன்றில் தவறினாலும் பெரும்பாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

'ஐ கேன்' என்றேன், 'முடியாது' என்று கேட்டதாம்

தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், முக்கியமாக அமெரிக்கர்களோடு. நாம் 'ஐ கேன் கம்' என்று ஒவ்வொரு சொல்லையும் முழுசாக, சம எடையோடு உச்சரிக்கிறோம். அவர்கள் பேச்சில் முடியும் என்ற 'கேன்' சுருங்கி 'க்ன்' ஆகிவிடும், எடை முழுதும் 'கம்' மேல் விழும். முடியாது என்றால்தான் அந்தச் சொல்லில் அழுத்தம் வரும், கடைசி 'ட்' பல நேரம் காதில் விழவே விழாது. அவர்கள் 'ட்'டைத் தேடுவதில்லை, அழுத்தத்தைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் 'கேன்' என்று அழுத்தினால் அவர்களுக்கு அது 'முடியாது'.

அதனால் 'ஐக்ன் கம்' என்று ஓடவிட்டு, 'கம்'மில் நில்லுங்கள். "எஸ், ஐ கேன்" என்று வாக்கியம் அதிலேயே முடிந்தால் மட்டும் முழு 'கேன்'. முடியாது என்பதை ஐயமில்லாமல் சொல்ல வேண்டிய நேரத்தில் "ஐ வோன்ட் பி ஏபிள் டு கம்" என்றுவிடுங்கள்.

மற்றப் பொடிச்சொற்களும் இப்படித்தான் தேயும். 'டு' 'ட' ஆகும், 'ஃபார்' 'ஃபர்' ஆகும், 'டெல் ஹிம்' 'டெலிம்' ஆகும், 'ஷுட் ஹேவ்' 'ஷுடவ்' ஆகும். முதலில் பார்த்த வாக்கியம் அவர்கள் வாயில் ஏறக்குறைய இப்படி வரும்: 'குஜ்யூ பிக்மியப்பட் சிக்ஸ்?' ஏழு சொற்கள், மூன்று துண்டுகள். கைபேசியில் பதிவு செய்துகொண்டு பத்து முறை சொல்லிப் பாருங்கள், பதினோராவது முறை பதிவைப் போட்டுக் கேளுங்கள்.